சீசன் டிக்கெட்காரன் ஓட்டிய வேன்

கிஷோருக்கு ஓரிடத்தில் நிற்க வராது. டீக்கடையில் டீ வரும்வரைகூட நிற்க மாட்டான். நாலடி இந்தப் பக்கம், நாலடி அந்தப் பக்கம் நடந்துகொண்டே இருப்பான். தன் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்த கையோடு பக்கத்தில் இருந்தவரிடம் "மணி என்ன?" என்று கேட்டவன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் என்று மாமனார் வீட்டில் அவனைச் சொல்வார்கள். சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்த வெந்நீர் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. அப்பா சுரங்கத்தில் இருந்தவர். மகனும் அங்கேதான் போவான் என்று இருந்தவர். அது இல்லையென்று ஆனதும் ஊரில் பாதிப் பேர் செய்ததையே கிஷோரும் செய்தான். வீட்டை ஊரில் வைத்துக்கொண்டு வேலையை பெங்களூரில் தேடினான். ஐந்து வருஷம் கிடைத்த வேலையெல்லாம் செய்த பிறகு பீன்யாவில் கியர் செய்கிற பட்டறை ஒன்றில் லேத் வேலை கிடைத்தது. விடியற்காலை வீட்டைவிட்டுக் கிளம்பி ரயில், அப்புறம் பஸ், பின்னாளில் மெட்ரோ, அப்புறம் ஷேர் ஆட்டோ. திரும்பி வந்து சட்டையைக் கழற்றும்போது இரவு ஒன்பதரை ஆகிவிடும். இப்படிப் பத்தொன்பது வருஷம். சீசன் டிக்கெட்காரர்கள் தினமும் ஒன்றாக ஏறும் பெட்டியில் அவனுக்கென்று ஜன்னலோரம் ஓர் இடம் இருந்தது. அதிலும் அவன் உட்கார்ந்ததில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி நிற்பான். வண்டி நகர்ந்த பிறகுதான் தாவி ஏறுவான். அவனுடைய சாப்பாட்டுப் பைதான் அந்த இடத்தில் உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் பெங்களூர் போய் வந்தது.

பெண் பிறந்த செய்தி வந்தபோதும் அவன் ரயிலில்தான் இருந்தான். பங்காருப்பேட்டை தாண்டும்போது போன் வந்தது. பெட்டி முழுக்கக் கை தட்டியது. இறங்கித் திரும்பிப் போகலாமா என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் மாலூர் வந்துவிட்டது. சரி, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று வேலைக்கே போய்விட்டான். இதை அவன் மனைவி பிரபா இன்றுவரை மறக்கவில்லை. தங்கவயல் மாரிக்குப்பத்து பௌத்த சங்கத்துக்குப் பௌர்ணமி தவறாமல் போகிற கிஷோரின் அப்பாதான் பேத்திக்கு சங்கமித்ரா என்று பேர் வைத்தார். பேர் வைத்த நாளிலும் கிஷோருக்கு லீவு கிடைக்கவில்லை. மித்ரா குப்புற விழுந்தது, நடந்தது, முதல் பல் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் அழாமல் உட்கார்ந்தது எல்லாமே அவனுக்குப் போனில் வந்த செய்திகள். அந்தச் செய்திகளை அவன் அப்படியே பெட்டியில் சொல்வான். விடியற்காலை அவன் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருந்த பெண், அவன் திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவள் விழித்திருந்தால் அவன் தூங்கிக்கொண்டிருப்பான்.

போன மே மாதம் இரண்டு விஷயம் சேர்ந்து வந்தது. பெங்களூர் ஜீவனஹள்ளியில் முப்பது வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டிவந்த மாமனார் சண்முகத்துக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. அவரைப் பார்த்துக்கொள்ள மித்ராவோடு வந்த பிரபா திரும்பி ஊருக்கு வர மறுத்துவிட்டாள்.

"மித்ரா எட்டாவது போறா. இன்னும் அஞ்சு வருஷம் போனா அவளே எங்கனா ரயில் ஏறிடுவா. வந்து எங்கப்பா வேன ஓட்டுங்க. பொண்ணு கண் எதிர்ல இருக்கறப்பவாச்சும் அவள பாருங்க" என்றாள்.

கிஷோர் சரியென்றான். ஓட்டுநர் பேட்ஜ் அவனிடம் ஏற்கெனவே இருந்தது. வேலையை விட்டுவிட்டேன் என்று வீட்டில் சொன்னான். அது முழுப் பொய் இல்லை, முக்கால் பொய். பட்டறைச் சூப்பர்வைசர் அவனை விட மனமில்லாமல், "ராஜினாமாவெல்லாம் எதுக்கு? சம்பளமில்லாத லீவுன்னு எழுதிக் குடு. ஜூன் முப்பது வரைக்கும் உன் மெஷின வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றிருந்தார். கிஷோர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மாமனார் வீட்டுக்கு வந்திருந்தான். போதாததற்கு ஜூன் மாத சீசன் டிக்கெட்டையும் புதுப்பித்துக்கொண்டான். ஊரைவிட்டே வந்துவிட்டவனுக்கு எதற்கு சீசன் டிக்கெட்? மாதம் பிறந்தால் கை தானாக டிக்கெட் கவுண்டருக்குள் நீளும், அவ்வளவுதான்.

இது எதுவும் தெரியாத சண்முகம், கட்டிலில் காலை நீட்டியபடி வேன் சாவியைக் கொடுக்கும்போது அதே தேதியைச் சொன்னார். "மாப்ள, ஜூன் முப்பது வரைக்கும் ஓட்டிப் பாருங்க. புடிச்சா உங்குளுது. புடிக்கலன்னா மூஞ்ச பாக்காம சொல்லிடுங்க. கிருஷ்ணப்பா இந்த ரூட்ட கேட்டுக்கினே கீறான், அவன் கைல குடுத்துடறேன்." கிருஷ்ணப்பா பக்கத்துத் தெருவில் இன்னொரு பள்ளிக்கூட வேன் வைத்திருக்கிறவர். பட்டறையும் வேனும் ஒரே நாளில் கையை நீட்டிக்கொண்டு நின்றதில் கிஷோருக்கு அன்றிலிருந்தே நெஞ்சில் ஒரு முள். யாரிடமும் சொல்லவில்லை.

சண்முகம் வேன் ஓட்டிய விதம் தெருவுக்கே தெரியும். வீட்டு வாசலில் நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடிப்பார். பிள்ளை வராவிட்டால் இறங்கிப் போய்த் தின்னக் கொடுத்துக்கொண்டிருக்கும் அம்மாவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொள்வார். "சாப்பிட்டு வரட்டும்மா, நா நிக்கறேன்" என்பார். அப்படி நின்றும் முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்து கேட் மூடிய பிறகு போனதில்லை. எந்த வீட்டில் எத்தனை நிமிடம் போகும், எந்தச் சந்தில் அதைத் திரும்பப் பிடிக்கலாம் என்பது அவர் காலுக்கே தெரியும்.

கிஷோருக்குத் தெரிந்தது வேறு. பள்ளி திறப்பதற்கு முதல் நாள் உட்கார்ந்து ஒரு நேர அட்டவணை போட்டான். 7.00 வீடு, 7.04 கோயில் திருப்பம், 7.07 பால் பூத், 7.11 அச்யுத் வீடு என்று பதினான்கு பிள்ளைகளுக்கும் நிமிடக் கணக்கு. கீழே, "வேன் குறித்த நேரத்தில் புறப்படும்" என்று ஒரு வரி.

வேனுக்கான வாட்ஸ்அப் குழுவைப் பிரபாதான் பார்த்துக்கொள்கிறாள். அட்டவணையைப் படித்துவிட்டு, "எந்த பிளாட்பாரம்னு போடலியே" என்றாள்.

முதல் நாளே இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனான். மறுநாள் யு.கே.ஜி. படிக்கும் அச்யுத்தை. 7.12க்குக் கண்ணாடியில் பார்த்தால் அச்யுத்தின் அம்மா ஒரு கையில் பிள்ளையையும் இன்னொரு கையில் ஒற்றை ஷூவையும் பிடித்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார். கிஷோருக்கு நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் கால் பிரேக்குக்குப் போகவில்லை. பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேர் அவன் ரயிலுக்குப் பின்னால் அப்படி ஓடி வந்திருக்கிறார்கள். எந்த ரயிலும் நின்றதில்லை.

அன்று குழுவில் மூச்சுவிட முடியவில்லை. "சண்முகம் அங்கிள் இருந்தப்ப இப்படி நடந்ததே இல்ல" என்று ஒருவர். "ஸ்வல்ப நில்லிசி சார், மக்களு பர்த்தாரே" என்று கன்னடத்தில் ஒருவர், பிள்ளைகள் வரும்வரை கொஞ்சம் நிறுத்தச் சொல்லி. அச்யுத்தின் அம்மா ஒற்றை ஷூவைப் படமெடுத்துப் போட்டிருந்தார்.

"மாப்ள, இது புள்ளைங்கள ஏத்திக்கினு போற வண்டி. மணிய ஏத்திக்கினு போறதுக்கு இல்ல" என்றார் சண்முகம். கால்வலியோடு இந்த வலியும் சேர்ந்து அவர் முகம் கறுத்திருந்தது.

"எட்டரைக்கு கேட்ட மூடிடறாங்க மாமா."

"எனக்கு ஒரு நாளும் மூடலியே."

கிஷோருக்குக் கோபம் வந்தது. ஒழுங்காக நேரத்துக்குப் போகிறவனைத் திட்டுகிற ஊரை அவன் எங்கேயும் பார்த்ததில்லை. அந்தக் கோபத்தோடுதான் மூன்றாம் நாள் வண்டியை எடுத்தான்.

இங்கே வந்து எட்டாவதில் சேர்ந்த மித்ராவும் அதே பள்ளிக்கூடம், அதே வேன். வேன் புறப்படுவதே வீட்டு வாசலிலிருந்து. அன்று ஏழு மணிக்கு அவள் ஐடி கார்டைத் தேடிக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கிஷோர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஏழு. சொந்தப் பெண்ணுக்காக நின்றால் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏன் நிற்கவில்லை என்று கேட்பார்கள் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டான். வண்டி போய்விட்டது.

பிரபா அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய் விட்டாள். முதல் பீரியடில் வைத்த டெஸ்டில் பாதி போய்விட்டது. சாயங்காலம் வேனில் ஏறிய மித்ரா கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் இறங்கி, வேனில் அவளும் அவனும் மட்டும் மிச்சமானபோது கிஷோருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கோவமாம்மா?" என்றான் கண்ணாடியைப் பார்த்து.

"இல்லப்பா. நீங்க எப்பவும் நா ரெடியாவறதுக்கு முன்னாலதான போவீங்க. எனக்குப் பழக்கம்தான்" என்றாள். குரலில் குத்தலே இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வீடு வந்து வண்டியை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். மனசு கஷ்டமாக இருந்தது.

மறுநாள் குழுவில் அட்டவணையை நீக்கச் சொன்னான். நிற்கவும் ஆரம்பித்தான். ஆனால் நிற்பது அவனுக்கு ஒரு தண்டனையாகவே இருந்தது. அச்யுத் வீட்டு வாசலில் நாலு நிமிடம் நின்றால் நாலு நிமிடமும் ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டிருப்பான். இஞ்சின் உறுமுவதைக் கேட்டு அச்யுத்தின் பாட்டில், பை, தொப்பி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வாசலில் விழும். எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வேறொரு சோதனை. ஜீவனஹள்ளிக்குப் பக்கத்திலேயே தண்டவாளம். அவனுடைய விடியற்காலை ரயில் சரியாக அந்த நேரத்துக்குத்தான் பெங்களூர் கிழக்கு ஸ்டேஷனுக்கு வரும். ஹாரன் சத்தம் கேட்டால் வேனுக்குள் அவன் இரண்டு தோளும் தூக்கிக்கொள்ளும். டேஷ்போர்டில் மாமனார் வைத்த முருகனும் அவன் வைத்த புத்தரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கியதும் அலெக்சாண்டருக்குப் போன் போடுவான். அலெக்சாண்டர் அதே பட்டறையில் அடுத்த மெஷின்காரன். ரயிலிலும் பத்தொன்பது வருஷம் எதிர் சீட்டு.

"மச்சான், உன் எடத்துல எவனையும் உக்கார வுடல. இன்னிக்குக் கூட ஒருத்தன் வந்தான். ஆள் கீறாருன்னு சொல்லி அனுப்பிட்டேன். சூப்பர்வைசரு தினம் கேக்கறாரு. இன்னா சொல்றது?"

"முப்பதுக்குள்ள சொல்றேன்."

"வந்துடுடா. உனக்கு இன்னாத்துக்கு அந்த வாண்டுங்க சகவாசம்?"

வந்துவிடலாம் என்றுதான் கிஷோருக்கும் தோன்றும். பட்டறையில் அவனைவிட நன்றாகக் கியர் வெட்ட ஆளில்லை. இங்கே ஒரு ஆறு வயசுப் பையனின் ஷூ லேஸுக்கு அவன் பயப்பட வேண்டியிருக்கிறது. வீட்டில் எது எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவன் கூடத்துக்குள் வந்தால் பேச்சு ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கும். விருந்தாளி வந்தால் அப்படித்தான் ஆகும்.

இரண்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்க எடுத்துக்கொண்டு போன பிரபா திரும்பி வந்தாள்.

"உங்க சட்டப் பையில சீசன் டிக்கெட் இருந்துச்சு. நனஞ்சிடப் போவுதுன்னு எடுத்து டி.வி. மேல வெச்சிருக்கேன்" என்றாள்.

அவன் ஏதாவது சொல்வான் என்று ஒரு கணம் நின்றாள். பிறகு போய்விட்டாள். டிக்கெட்டில் ஜூன் முப்பது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் படிக்காமல் இருந்திருக்க மாட்டாள். கிஷோர் எழுந்து தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்தான். திரும்பவும் போய்விட்டு வந்தான். சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை வாயெடுத்தான். மூன்று முறையும் சண்முகம் எதையோ கேட்டுக் குறுக்கே வந்தார்.

அன்று சாயங்காலம்தான் மித்ரா அவன் போனிலிருந்த படங்களைப் பார்த்தாள். பிரபா சமையலில் இருந்ததால் குழுவில் மறுநாள் விடுமுறை என்று அவனே போட வேண்டியிருந்தது; தட்டச்சு செய்ய அவனுக்கு அரைமணி ஆகும் என்பதால் போனை அவள் வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூட அறிவிப்பைத் தேடப் போய் வேறெதையோ திறந்துவிட்டாள்.

"யாருப்பா இவங்கெல்லாம்?"

ரயில் பெட்டி. சீட்டுக்கு நடுவில் ஒரு கேக். சுற்றிலும் டிபன் பையும் மீசையுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் கிஷோர், பிளாஸ்டிக் கத்தியோடு. கேக் மேல் கிரீமில் ஆங்கிலத்தில் மித்ரா என்று எழுதி ஓர் ஒன்று. அடுத்த படத்தில் இரண்டு. அவள் தள்ளிக்கொண்டே போனாள். பன்னிரண்டு வரைக்கும் இருந்தது. மீசைகள் நரைத்துக்கொண்டே வந்தன.

"உன் பொறந்தநாளும்மா. வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள நீ தூங்கிடுவ. லாயிட்னு ஒருத்தரு, பேக்கரில கேக் மாஸ்டர். வருஷா வருஷம் அவரே செஞ்சு எடுத்தாருவாரு. சாயங்கால ரயில்ல வெட்டுவோம்." சொல்லும்போது அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு தடவைகூட மறக்காமல் கொண்டாடியிருக்கிறேன், பார் என்று இருந்தது.

மித்ரா பன்னிரண்டு படத்தையும் திரும்ப ஒருமுறை பார்த்தாள்.

"ஒண்ணுல கூட நா இல்ல" என்றாள்.

கிஷோருக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷமாக அந்தப் படங்களை அவனும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். அவள் இல்லை என்பது ஒருமுறையும் கண்ணில் படவில்லை. அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். கதவு வரைக்கும் போய் நின்று, "இந்த வருஷமும் வெட்டுவாங்களா?" என்று கேட்டாள்.

"லாயிட் விடமாட்டாரு."

"அப்ப நா அவங்கள பாக்கணும்."

மித்ராவின் பிறந்தநாள் ஜூன் இருபத்தாறு. சாயங்கால ரயில் கிழக்கு ஸ்டேஷனில் நிற்பது ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. அலெக்சாண்டரிடம் போனில் சொன்னபோது அவன் ரயிலையே திருப்பிக்கொண்டு வருகிறவன் மாதிரிக் குதித்தான். மூன்றாவது பெட்டி, நடுக்கதவு, தயாராக நில்லுங்கள் என்றான்.

இருபத்தாறாம் தேதி பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்து கிஷோர் முகம் கழுவினான். மித்ரா புதுச் சுடிதாரில் இருந்தாள். கிளம்பும்போது பிரபா டி.வி. மேலிருந்த சீசன் டிக்கெட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"உங்களுக்குப் பிளாட்பாரம் டிக்கெட் வேணாமே. இன்னும் நாலு நாள் இருக்குது இதுல" என்றாள். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. கண்ணில் இல்லை. "அப்பா கேட்டாரு, கிருஷ்ணப்பாவ வரச்சொல்லட்டுமான்னு. என்ன சொல்லட்டும்?"

"வந்து சொல்றேன்" என்றான் கிஷோர்.

தூறல் விழுந்து விழுந்து நின்றுகொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் மித்ரா ஒரு தூணோரம் அசையாமல் நின்றாள். கிஷோர் தூணுக்கு இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் நாலடி நடந்தான். தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததும் அவன் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஏறியது. அதை அவன் மறைக்கவும் இல்லை.

மூன்றாவது பெட்டியின் கதவில் அலெக்சாண்டர் பாதி உடம்பு வெளியே தெரியத் தொங்கிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு கையிலும் கேக் அட்டையை ஏந்திக்கொண்டு லாயிட். அவருக்குப் பின்னால், பக்கத்து ஜன்னல்களில், கம்பிக்குள் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டு முகம் முகமாக. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இதுதான் மித்ராவா? நல்லா ஒசந்துட்டாளே."

"சைக்கிள்ல உழுந்து தாடைல தையல் போட்டாங்களே பாப்பா, தழும்பு போச்சா?"

"கணக்குல தொண்ணூத்தாறாமே. எங்க எல்லாருக்கும் உங்கப்பா முறுக்கு வாங்கித் தந்தாரு."

"இன்னும் இருட்டுன்னா பயமா கண்ணு?" என்று உள்ளேயிருந்து ஓர் அம்மா கேட்டார்.

மித்ரா தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். யார் யாரோ, ஒருவரையும் தெரியாது. அவர்களுக்கோ அவளைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வீட்டில் அவளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத மனிதர் இங்கே தினமும் அவளைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பார்வையைக் கிஷோரால் தாங்க முடியவில்லை. லாயிட் குனிந்து அட்டையை நீட்டினார். பதிமூன்று என்று எழுதியிருந்தது. அவள் வெட்டினாள். பாட்டு பாதியில் இருக்கும்போதே வண்டி ஊதியது. அவசர அவசரமாக ஒரு துண்டைக் காகிதத்தில் வைத்து அவள் கையில் கொடுத்தார்கள். வண்டி நகர்ந்தது.

கிஷோர் ஏறிவிட்டான்.

யோசித்து ஏறவில்லை. வண்டி நகர்ந்தால் கம்பியைப் பிடிப்பதும் படியில் கால் வைப்பதும் பத்தொன்பது வருஷமாக அவன் உடம்பு தானாகவே செய்துவந்த வேலை. அது தன் வேலையைச் செய்துவிட்டது. "வந்துட்டான்டா நம்மாளு" என்று அலெக்சாண்டர் முதுகில் தட்டினான். பெட்டிக்குள் விசில் பறந்தது. காற்று முகத்தில் அடித்தது. இந்த மாதம் முழுக்க நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டே இருந்த ஏதோ ஒன்று, வண்டி ஓடத் தொடங்கியதும் நின்றுபோனதை அவன் உணர்ந்தான். எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் வெட்கம்.

அப்புறம்தான் பிளாட்பாரத்தைப் பார்த்தான்.

மித்ரா தூணோரம் அதே இடத்தில் நின்றிருந்தாள். கத்தவில்லை, ஓடி வரவில்லை. ஒரு கையில் கேக் காகிதம். இன்னொரு கையைத் தூக்கி அவனுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். அவன் போவதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. போகிறவருக்குக் கை காட்ட வேண்டும், அதனால் காட்டினாள்.

கிஷோர் குதித்தான். வண்டி இன்னும் வேகம் பிடிக்கவில்லை. ஆனாலும் நாற்பத்து மூன்று வயது. ஈரத் தரையில் நாலு தப்படி ஓடி, முட்டி தேய, உள்ளங்கை தேய, பிளாட்பாரம் முடிகிற இடத்தில் போய் விழுந்தான். எங்கோ யாரோ திட்டினார்கள். பெட்டியிலிருந்து அலெக்சாண்டரின் கூச்சல் தேய்ந்துகொண்டே போய் மறைந்தது.

மித்ரா ஓடி வந்தாள். கேக் அவள் துப்பட்டாவில் அப்பியிருந்தது.

"பைத்தியமாப்பா உனக்கு? ஏன் எறங்கின? அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி வந்திருக்கலாம் இல்ல?" என்றாள். அவன் முட்டியைத் துப்பட்டாவால் அழுத்தினாள். கிரீமும் ரத்தமும் ஒன்றாகப் படிந்தது.

அவளிடமிருந்து அவனுக்குக் கிடைத்த முதல் திட்டு அது. கிஷோருக்கு அழுகை வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதான். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்து ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று கை காட்டிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. அலெக்சாண்டர்.

"உசுரோட கீறியா?"

"கீறேன். மச்சான், சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடு. என் மெஷின வேற யாருக்கானா குடுக்கச் சொல்லு. என் எடத்துலயும் யாரனா உக்கார வையி."

"சரி மச்சான்" என்றான் அலெக்சாண்டர்.

"எந்த மெஷின்? நீ வேலைய விட்டுட்டதா அம்மா சொன்னா" என்றாள் மித்ரா.

கிஷோர் எல்லாவற்றையும் சொன்னான். லீவு எழுதிக் கொடுத்தது, முப்பதாம் தேதி, சீசன் டிக்கெட் எல்லாம். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, அம்மாவிடம் நீயே சொல் என்றாள். வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்து அவனே சொன்னான். பிரபா மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்து முட்டியில் வைத்து, தேவைக்கு மேலேயே அழுத்தினாள். பிறகு கட்டில் பக்கம் திரும்பி, "அப்பா, கிருஷ்ணப்பாகிட்ட இல்லன்னு சொல்லிடு" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிஷோர் வேனில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். மித்ராவை இன்னும் காணோம். "ஒரு நிமிஷம்" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

அவன் குனிந்து பார்த்தான். வாசல் திரைக்குக் கீழே இரண்டு கறுப்பு ஷூ தெரிந்தது. பாலிஷ் போட்டு, லேஸ் கட்டி, பக்கத்தில் பையும் தயாராக. ஷூ அசையவில்லை. திரைக்குப் பின்னால் அவள், வண்டி கிளம்புகிறதா என்று காது கொடுத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

கிஷோர் இஞ்சினை அணைத்தான். நொண்டிக்கொண்டே இறங்கி வேனுக்கு இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் நாலடி நடந்தான். ஏழு இரண்டு. ஏழு மூன்று. குழுவில் யாரோ, வேன் எங்கே என்று கேட்டிருந்தார்கள். ஏழு ஐந்து. கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேன் படியில் உட்கார்ந்து அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.